கணனியின் பிழைச்செய்தி: ஒரு வரலாற்று நோக்கு

ஏர் முறிந்தால் உழவன் முறிந்த இடத்தைக் கண்ணாற் கண்டான். தறியில் இழை அறுந்தால் நெசவாளி அதனை விரலாற் தொட்டறிந்தான். பழுது எங்குளது என்பதைக் கருவி எடுத்துக் கூறவேண்டிய தேவை அக்காலத்தில் எழவில்லை. கணனியின் உள்ளே நிகழ்வதைக் கண்ணோ விரலோ அறியா. ஆதலின் தன் பழுதைத் தானே சொல்லால் அறிவிக்கும் கடமை அக்கருவிக்கு உண்டாயிற்று. அக்கடமையை அது எவ்வளவு குறைபாடாக நிறைவேற்றி வந்துள்ளது என்பதையும், அக்குறைபாடு தமிழ் பேசும் மக்களை, சிறப்பாகக் கொழும்பு வாழ் தமிழரை, எவ்வாறு தாக்கியது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணனிப் பிழையைப் 'பூச்சி' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் குறிக்கும் வழக்கு உண்டு. 1947 செப்டெம்பர் 9 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து 'மார்க் 2' கணனியினுள் அகப்பட்ட அந்துப்பூச்சியைப் பொறியியலாளர் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அதிலிருந்தே இவ்வழக்குப் பிறந்தது என்பர் பலர். இது பொருந்தாது. எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே இச்சொல்லைப் பொறிகளின் குறைபாட்டுக்கு வழங்கியுள்ளார். எனினும் அக்குறிப்பேடு வேறோர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. அக்காலத்தில் கணனியை இயக்கியோர் அதன் உட்பொறியை நன்கறிந்த வல்லுநரே. பழுதுற்ற பொறி பிறருக்கு விளங்கும்படி பேசவேண்டிய தேவை அன்று இருக்கவில்லை.

இம்மனப்பாங்கு பின்னரும் நீடித்தது. யுனிக்ஸ் இயங்குதளத்துக்காகக் கென் தொம்சன் ஆக்கிய உரைத்தொகுப்புச் செய்ந்நிரல், தவறான கட்டளைக்கு விடையாக ஒரேயொரு வினாக்குறியை மட்டும் அச்சிட்டது. அன்றைய தொலைத்தட்டச்சுப் பொறிகள் மெதுவாக இயங்கியமையும் நினைவகம் அரிதாக இருந்தமையும் இச்சுருக்கத்துக்குரிய நியாயங்களாம். ஆயினும் நினைவகம் பெருகி விலை வீழ்ந்த பின்னரும் சுருக்கம் போகவில்லை. தேவையினாற் பிறந்த பழக்கம், தேவை நீங்கிய பின் அலட்சியமாக நிலைத்தது எனலாம்.

அவ்வலட்சியம் உயிரையும் கொள்ளவல்லது என்பதற்குத் 'தெராக் 25' என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி சான்றாகும். கனடாவில் ஆக்கப்பட்ட இப்பொறி 1985 ஆம் ஆண்டுக்கும் 1987 ஆம் ஆண்டுக்கும் இடையில் ஆறு நோயாளருக்கு அளவுமிக்க கதிரைச் செலுத்தியது. அவர்களுட் சிலர் அதனால் இறந்தனர். 1986 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நிகழ்ந்த விபத்தின்போது திரையில் தோன்றிய செய்தி 'செயற்பிழை 54' என்பது மட்டுமே. இயக்குநரின் கைந்நூலில் அவ்வெண்ணுக்கு விளக்கம் இல்லை. கொடுக்கப்பட்ட கதிரளவு குறைவானது என்றே திரை காட்டிற்று. இத்தகைய செய்திகளை நாள்தோறும் கண்டு பழகியிருந்த இயக்குநர், தொடர்வதற்குரிய விசையை மீண்டும் அழுத்தினார். குற்றம் அவருடையதன்று. பொருளற்ற எச்சரிக்கை அடிக்கடி ஒலிக்குமாயின் மனிதன் அதனைப் பொருட்படுத்தாதிருக்கப் பழகிவிடுகின்றான். பொருளுள்ள எச்சரிக்கை வரும் நாளிலும் அப்பழக்கமே முந்துகின்றது.

1980 களில் கணனி ஆய்வுகூடத்தை விட்டு வீட்டுக்கும் கடைக்கும் வந்தது. இலங்கையில் 1984 ஆம் ஆண்டில் கணனித் துறைக்கென ஒரு பேரவை அமைந்தது. 1995 இல் வர்த்தக அடிப்படையிலான இணையச் சேவை ஆரம்பமாயிற்று. வெள்ளவத்தையிற் காலி வீதியின் இருமருங்கிலும், கொட்டாஞ்சேனையின் கடைத்தெருக்களிலும், மக்கள் 'கொமியூனிகேஷன்' என்று வழங்கிய நிலையங்களிற் கணனிகள் இடம்பெற்றன. புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மடல் எழுதவும், விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்யவும் முதியோரும் இளையோரும் அங்கு சென்றனர். கணனியை ஆக்கியோரும் அதனைப் பயன்படுத்துவோரும் முற்றிலும் வேறானவராயினர். செய்தியின் நடை மட்டும் மாறவில்லை.

விண்டோஸ் 95 இயங்குதளத்தில் ஒரு செய்ந்நிரல் நிலைகுலைந்தபோது, அது 'சட்டவிரோதச் செயலொன்றைப் புரிந்துள்ளது. ஆதலால் மூடப்படும்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் தோன்றும். தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியைச் செய்ந்நிரல் தொட்டமை போன்ற உட்பிழையே அதன் கருத்தாகும். கணனியியலாளர் அதனை ஒரு குழூஉக்குறியாகக் கொண்டனர். அவசரகாலச் சட்டமும், பொலிஸ் பதிவும், வீதிச் சோதனையும் அன்றாட வாழ்வின் கூறுகளாயிருந்த கொழும்பில், ஆங்கிலம் சிறிதளவே அறிந்த ஒரு தமிழருக்குச் 'சட்டவிரோதம்' என்னும் சொல் வெறுங் குழூஉக்குறியாக ஒலித்திருக்க முடியாது.

எழுத்துருச் சிக்கல் இதனினும் நுண்ணியது. ஈழத்தமிழரிடையே பெரிதும் பரவிய 'பாமினி' எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் தமிழ் மடல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தோன்றும். அங்கே பிழைச்செய்தி ஒன்றும் வராது. பிழை நேர்ந்ததென்பதையே கணனி அறியாது. தமிழுக்கு 1991 இல் ஒருங்குறியில் இடம் கிடைத்தபோதிலும், விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அது பொதுப்பாவனைக் கணனிகளை எட்டத் தொடங்கியது. இலங்கையில் தமிழ்க் குறியீட்டுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரநியமம் 2008 இல் வந்தது.

விளங்காத மொழியில் வரும் அறிவித்தல் இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது முதல், தமக்கு வாசிக்க இயலாத அரச கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதனை வாசித்துச் சொல்லுவாரைத் தேடி அலைந்த அநுபவம் பலருக்கு உண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16 ஆம் திருத்தம் மொழியுரிமைகளை விரித்துரைத்தது. நடைமுறைக் குறைபாடுகள் பல இருப்பினும், முறையிடுவதற்கு ஒரு சட்டமும், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் ஓர் ஆணைக்குழுவும் உள்ளன. கணனித் திரையில் தோன்றும் மறுப்புக்கு எதிராக முறையிட இடமில்லை. விண்ணப்பம், கட்டணம், பரீட்சைப் பெறுபேறு ஆகியன திரைவழியே நடைபெறும் இக்காலத்தில் அவ்வேறுபாடு சிறிதன்று.

அங்ஙனமாயின் செய்திகளைத் தமிழாக்கினாற் போதுமா என்னும் வினா எழும். போதாது. 'செயற்பிழை 54' என்பதைத் தூய தமிழில் எழுதினாலும் அது விளங்காச் செய்தியே. 1982 ஆம் ஆண்டிலேயே பென் ஷ்னைடர்மன் என்னும் அமெரிக்கக் கணனியியலாளர், செய்தி குறிப்பாகவும் திருத்தும் வழியைச் சொல்லுவதாகவும் அமையவேண்டும் என்றும், பயனரைக் குற்றஞ்சாட்டுவதாக அமையலாகாது என்றும் வற்புறுத்தினார். இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்திலும் இதற்கொப்ப ஒரு நெறி உண்டு. தகவல் தர மறுக்கும் அலுவலர், மறுப்புக்குரிய காரணத்தையும், எக்காலத்துள் எவரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் விண்ணப்பகாரருக்கு அறிவித்தல் வேண்டும். நிகழ்ந்தது யாது, ஏன் நிகழ்ந்தது, அடுத்துச் செய்யவேண்டியது யாது, எவரை நாடவேண்டும் என்னும் நான்கும் கணனியின் மறுப்புச் செய்தியிலும் இருக்கவேண்டுமென எதிர்பார்ப்பது மிகையாகாது.

அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் துணைகொண்டு, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்த மரபு இலங்கைப் பாடசாலைகளுக்கு உண்டு. கலைச்சொல்லாக்கத்தில் அன்று காட்டிய ஊக்கத்தை இன்று வாக்கிய ஆக்கத்திற் காட்டவேண்டியுள்ளது. ஒரு செய்தியை எழுதி முடித்ததும், அதனை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கணனிமுன் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரிடம் வாசிக்கக் கொடுத்து, இனி என்ன செய்வீர்கள் என்று வினவுதல் தக்கது. அவர் விடை கூறுவாராயின் செய்தி நன்று. கூறாராயின் திருத்தப்படவேண்டியது செய்தியேயாம்.