தமிழ்த் திரைப்படங்களின் மாற்று வடிவங்களும் நீக்கப்பட்ட காட்சிகளும்

ஒரே திரைப்படம் வேறுபட்ட நீளத்திலோ, வேறுபட்ட காட்சி வரிசையிலோ, வேறுபட்ட முடிவுடனோ வெளிவரும்போது அது அப்படத்தின் மாற்று வடிவம் எனப்படுகிறது. படத்தொகுப்பின்போதோ, தணிக்கையின்போதோ, வெளியீட்டிற்குப் பின்னரோ எடுத்துவிடப்பட்ட பகுதிகள் நீக்கப்பட்ட காட்சிகள் ஆகும். மேலை நாடுகளில் இவற்றை டிவிடியில் தனி இணைப்பாகத் தருவது வழக்கமாயிற்று. ரிட்லி ஸ்காட் இயக்கிய பிளேடு ரன்னர் (1982) படத்திற்கு 1992, 2007 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு வடிவங்கள் வெளிவந்தமை இதற்குப் பெரிதும் அறியப்பட்ட சான்றாகும். தமிழில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. வீட்டு வெளியீடுகளில் காட்சிகள் கூடுவதைவிடக் குறைவதே மிகுதி.

நீளத்தை அறிதல்

35 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும்போது ஒரு நிமிடத்திற்கு 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர் செலவாகும். 16,000 அடி நீளமுள்ள படம் சற்றொப்ப 178 நிமிடம் ஓடும். படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழில் நீளமும் சுருள்களின் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருக்கும். சான்றிதழின் கீழ்ப்பகுதியில் முக்கோணக் குறி இருந்தால், தணிக்கையில் சில பகுதிகள் வெட்டப்பட்டன என்று பொருள். பழைய படம் ஒன்றின் ஒளித்தட்டு முழுமையானதா என அறிய விரும்புவோர்க்கு இச்சான்றிதழே முதல் துணை.

எனினும் ஓடும் நேரத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பால் முறையில் படம் நொடிக்கு 25 சட்டங்களாக ஓடுவதால் நேரம் 4 விழுக்காடு குறையும். 150 நிமிடப் படம் எந்தக் காட்சியும் போகாமலேயே 144 நிமிடத்தில் முடிந்துவிடும்.

உண்மையான இழப்பு விசிடி காலத்தில் நேர்ந்தது. ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரையே அடங்கும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டிய படத்திற்கு மூன்றாவது தட்டு தேவைப்பட்டது. அதைத் தவிர்க்க விரும்பியவர்களுக்குப் பாடலோ நகைச்சுவைப் பகுதியோ எளிய இரையாயிற்று. 2007 இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபின் பழைய படங்கள் ஏராளமான வீடுகளை அடைந்தன. ஆனால் மலிவுத் தட்டுகளில் நீக்கப்பட்ட காட்சிகளுக்கும் இயக்குநர் விளக்கவுரைக்கும் இடமில்லை. ஒரே தட்டில் மூன்று படங்களை அடைத்து விற்றவையும் உண்டு.

சந்திரலேகா

எஸ். எஸ். வாசனின் சந்திரலேகா தமிழில் 1948 ஏப்ரல் 9 அன்றும், இந்தியில் அதே ஆண்டு டிசம்பர் 24 அன்றும் வெளிவந்தது. இந்தி வடிவத்தில் துணைப் பாத்திரங்கள் சிலவற்றிற்கு வேறு நடிகர்களைக் கொண்டு படம் பிடிக்கப்பட்டது. 1950களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்திரா என்ற பெயரில் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் திரையிடப்பட்டது. ஆகவே ஒரே படத்திற்கு மூன்று வடிவங்கள் உள்ளன.

தேனி வட்டாரக் கலைஞர்களின் படங்கள்

வருசநாட்டு மலைகளும் கம்பம் பள்ளத்தாக்கும் அமைந்த இன்றைய தேனி மாவட்டம் பாரதிராஜா (அல்லிநகரம்), இளையராஜா, கங்கை அமரன் (பண்ணைப்புரம்), வைரமுத்து (வடுகபட்டி) ஆகியோரின் மண்ணாகும். இவர்களின் படங்களில் காட்சிகளைவிடப் பாடல்களே அதிகம் விடுபட்டுள்ளன. வைரமுத்து அறிமுகமான நிழல்கள் (1980) படத்திற்காக எஸ். ஜானகி பாடிய "தூரத்தில் நான் கண்ட" பாடல் இசைத்தட்டில் உண்டு, படத்தில் இல்லை. அலைகள் ஓய்வதில்லை (1981) இசைத்தட்டில் இடம்பெற்ற "புத்தம் புதுக் காலை" பாடலும் அவ்வாறே. கங்கை அமரன் எழுதிய இப்பாடல் முதலில் மகேந்திரன் எடுக்கவிருந்த மருதாணி என்ற படத்திற்காக உருவானது. பின்னர் 2014 இல் மேகா படத்தில் பயன்பட்டது. இளையராஜா இசையமைத்த தளபதி (1991) படத்தின் "புத்தம் புதுப் பூ" பாடலுக்கும் இதே நிலைதான். இவற்றைத் தேடி டிவிடியைப் பார்ப்பவர் அதை வெட்டப்பட்ட படி என்று எண்ணிவிடக் கூடும். பாடல் திரையரங்குப் படியிலேயே இல்லை என்பதே உண்மை.

தேனி மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட கஸ்தூரிராஜாவின் மூத்த மகன் செல்வராகவன் இயக்கிய ஆயிரத்தில் ஒருவன் (2010) ஏறத்தாழ 3 மணி நேரப் படமாக உருவாகி, திரையரங்குகளுக்காகச் சுமார் இரண்டரை மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. வெளியானபோது இருந்ததைவிடப் பின்னாளில் மதிப்புக் கூடிய இப்படம் 2020 டிசம்பர் 31 அன்று மீண்டும் திரைக்கு வந்தது.

முடிவை மாற்றுதல்

இந்தியாவில் வீட்டு வெளியீட்டின் வழியாக மூல முடிவு மீண்டும் மக்களிடம் சென்றதற்குச் சிறந்த சான்று ஷோலே. 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில் வெளியான அப்படத்தில், தாக்கூர் கப்பர் சிங்கைக் கொல்வதாக ரமேஷ் சிப்பி எடுத்த முடிவைத் தணிக்கையினர் ஏற்கவில்லை. காவலர் வந்து தடுப்பதாக முடிவு மாற்றி எடுக்கப்பட்டது. மூல முடிவு கொண்ட 204 நிமிட வடிவம் பின்னர் ஒளிப்பேழையிலும் டிவிடியிலும் கிடைத்தது. 2025 சூன் மாதம் இத்தாலியின் பொலோனா நகரில் சீரமைக்கப்பட்ட முழு வடிவம் திரையிடப்பட்டது. மலையாளத்தில் பாசில் இயக்கிய ஹரிகிருஷ்ணன்ஸ் (1998) பகுதிக்கேற்ப வெவ்வேறு முடிவுகளுடன் வெளியிடப்பட்டது. தமிழில் பாபா (2002) படம் 2022 டிசம்பரில் குறைக்கப்பட்ட நீளத்துடனும் மாற்றப்பட்ட முடிவுடனும் மீண்டும் வந்தது.

இவையெல்லாம் படைத்தவர்களின் கையால் அல்லது அவர்கள் அறிய நிகழ்ந்தவை. 2025 ஆகஸ்ட் 1 அன்று வெளியான அம்பிகாபதி அத்தகையதன்று. ராஞ்சனா (2013) என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான இதில், நாயகன் இறக்கும் முடிவைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு அவன் பிழைப்பதாக உரிமையாளரான ஈரோஸ் நிறுவனம் மாற்றியது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும், நாயகனாக நடித்த, கஸ்தூரிராஜாவின் இளைய மகனான தனுசும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆக்கியோனாகத் தயாரிப்பாளரையே வரையறுக்கிறது. படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான 57 ஆம் பிரிவின் சிறப்புரிமை ஆக்கியோனுக்கே உரியது என்பதால், இயக்குநரின் நிலை வலுவற்றதாக உள்ளது.

பாதுகாப்பு

தணிக்கையில் வெட்டப்படும் துண்டுகளைத் தணிக்கை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். படத்தொகுப்பு மேசையில் கழிக்கப்படுபவற்றிற்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. அவை சேமிப்புக் கிடங்கின் வாடகைக்கு அஞ்சியோ கவனக்குறைவாலோ அழிந்தன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 இல்தான் தொடங்கப்பட்டது. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) முழுவதுமாகவே கிடைக்கவில்லை. ஷோலேயின் மூல எதிர்ச்சுருள் பயன்படுத்த இயலாத நிலையில் இருந்தும், இலண்டன், மும்பை கிடங்குகளில் இடைநிலைப் படிகள் எஞ்சியிருந்ததால் நீக்கப்பட்ட காட்சிகள் மீண்டன. 2012 இல் கர்ணன் (1964) எண்ணிம முறையில் சீரமைக்கப்பட்டு வெற்றி பெற்றபின், தமிழிலும் பழைய எதிர்ச்சுருள்களைத் தேடும் முயற்சிகள் பெருகின.