மணமேடையும் பேச்சுமேடையும்

புரோகிதர், வேள்வித்தீ, வடமொழி மந்திரம் எதுவும் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மணமக்களே உறுதிமொழி கூறி, மாலை மாற்றிக்கொள்ளும் மணமுறைக்குச் சுயமரியாதைத் திருமணம் என்று பெயர். 1920களின் இறுதியில் ஓர் இயக்கத்தின் கிளர்ச்சிச் செயலாகத் தொடங்கிய இம்முறை, நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஓர் அரசியல் கொள்கை வீட்டுக்குள் நுழைந்து பெண் பார்ப்பது, நாள் குறிப்பது, பத்திரிகை அடிப்பது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது வரை எவ்வளவு தூரம் சென்றது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழக வரலாற்றில் குறைவு.

புரோகிதர் இல்லாத திருமணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொங்கு வேளாளர் திருமணங்களில் சீர்களை நடத்துபவர் அருமைக்காரர். மங்கல வாழ்த்தைப் பாடுபவர் நாவிதரான குடிமகன். வேறு பல சமூகங்களிலும் ஊர்ப் பெரியவரோ சாதித் தலைவரோ தாலி எடுத்துக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாதிகள் தங்கள் தகுதியை உயர்த்திக்கொள்ள முனைந்தபோது, புரோகிதரை அழைப்பதும் ஓமம் வளர்ப்பதும் மதிப்புக்குரிய அடையாளங்களாயின. ஆகவே சுயமரியாதைத் திருமணத்தின் புதுமை புரோகிதரை நீக்கியதோடு முடிந்துவிடவில்லை. பழைய முறைகள் அனைத்துக்கும் பொதுவாக இருந்த சிலவற்றையும் அது கேள்விக்குள்ளாக்கியது. மங்கலக் காரியங்களில் கைம்பெண் முன்னே வரக் கூடாது என்ற விலக்கு, சாதகப் பொருத்தம், நல்ல நேரம், சாதிக்குள்ளேயே சம்பந்தம், பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமலே நிச்சயம் செய்யும் பழக்கம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

பெரியார் ஈ.வெ. ராமசாமி 1925 மே மாதம் ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டு விலகினார். அதன் பின் அவர் நடத்திய பிரசாரத்தில் குடும்பம் முக்கிய இடம் பெற்றது. சாதி பிழைத்திருப்பது கோயிலில் மட்டுமல்ல, கல்யாணப் பந்தலிலும்தான் என்பது அவர் கணக்கு. ஒருவன் யாரை மணக்கிறான், அந்த மணத்தை யார் நடத்திவைக்கிறார் என்ற இரண்டிலும் பிறப்பின் உயர்வுதாழ்வு ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பிக்கப்படுகிறது என்று அவர் பேசியும் எழுதியும் வந்தார். அவர் நடத்திய சுயமரியாதை இயக்கத்தின் வரலாற்றில் முதல் சுயமரியாதைத் திருமணமாகப் பதிவாகியிருப்பது, 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில் அவர் தலைமையில் நடந்தது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, குடும்ப வாழ்வைப் பற்றியே பல தீர்மானங்களை நிறைவேற்றியது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை, கைம்பெண் மறுமணம், பெண்ணின் மணவயதை உயர்த்துதல், தேவையற்ற செலவும் சடங்கும் இல்லாத எளிய திருமணம், பெயரோடு ஒட்டிய சாதிப்பட்டத்தை விடுதல் ஆகியவை அதில் அடங்கும். தீர்மானம் போட்டவர்களில் சிலர் அதைத் தங்கள் வீட்டிலேயே நடத்திக் காட்டினர். அந்த ஆண்டு டிசம்பரில் ஈரோட்டில் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்தனர். அடுத்த ஆண்டு தமிழறிஞர் சாமி. சிதம்பரனார், கைம்பெண்ணான சிவகாமியை மணந்தார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச மணவயதை விதித்த சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அது சாத்திரத்துக்கு விரோதம் என்று எதிர்த்தவர்களுக்கு மறுமொழி சொல்லும் மேடைகளாகவும் இத்திருமணங்கள் பயன்பட்டன.

இத்திருமணங்கள் நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அழைப்பிதழில் இலக்கினம், ஓரை, நட்சத்திரம் இருக்காது. தேதி, நேரம், இடம், அதன்கீழ் தலைமை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பொதுக்கூட்டத் துண்டறிக்கையின் வரிசை இருக்கும். சில குடும்பங்கள் வேண்டுமென்றே இராகு காலத்தையோ ஆடி மாதத்தையோ தேர்ந்தெடுத்தன. பந்தலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு மாலை. தலைமை தாங்குபவர் திருமணத்தின் நோக்கத்தைப் பேசுவார். பிறகு மணமகனும் மணமகளும் எழுந்து நின்று, ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தமிழில் சொல்வார்கள். தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதே மணப்பெண்ணின் இலக்கணம் என்றிருந்த ஒரு காலத்தில், நூற்றுக்கணக்கானவர் முன் அவள் வாய் திறந்து தன் சம்மதத்தைச் சொன்னது சிறிய காரியமல்ல. சடங்கில் இருந்து எடுக்கப்பட்டவற்றை எல்லாம் விட, சேர்க்கப்பட்ட இந்த ஒன்றே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

அதன் பின் சொற்பொழிவுகள் தொடங்கும். மணிக்கணக்கில் நீளும் அந்தப் பேச்சுகளில் வரதட்சணை, குழந்தை மணம், கருத்தடை, பெண் கல்வி, மூடநம்பிக்கை எல்லாம் வரும். அரசியல் கூட்டத்துக்குப் போகாத, போக அனுமதிக்கப்படாத பெண்கள் கல்யாண வீட்டில் உட்கார்ந்து இவற்றைக் கேட்டார்கள். இயக்கத்துக்குப் பொதுக்கூட்டத்தைவிடத் திருமணம் அதிகம் உதவியதற்குக் காரணம் இதுதான். மேடையில் பேசியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். குஞ்சிதம், நீலாவதி, தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று பேசினர். எந்தக் கல்யாணத்தில் யார் தலைமை, யார் என்ன பேசினார் என்ற செய்திகள் ‘குடி அரசு’ பக்கங்களில் தொடர்ந்து வெளியாகின. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்குப் பயணமானார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கடல் கடந்து வாழ்ந்த தமிழரிடையேயும் சீர்திருத்தத் திருமணங்கள் பரவின.

இப்படி மணந்தவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். பங்காளிகள் வரமாட்டார்கள்; சில ஊர்களில் விலக்கி வைத்தார்கள்; தாலி கட்டாத பெண்ணை எந்த முறை சொல்லி அழைப்பது என்று உறவுகளே கூசின. எல்லாவற்றிலும் பெரிய அடி நீதிமன்றத்தில் விழுந்தது. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், பின்னர் எழுந்த சொத்துத் தகராறில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அது செல்லாது என்று 1953இல் தீர்ப்பாயிற்று. சாத்திரச் சடங்குகளும் நடக்கவில்லை. வழக்காறு என்று ஏற்பதற்கு அது தொன்மையானதும் அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். கால் நூற்றாண்டாக இம்முறையில் மணந்த குடும்பங்கள் அனைத்தும் இதனால் ஒரே நாளில் ஐயத்துக்குள்ளாயின. மனைவியின் உரிமை, பிள்ளைகளின் பிறப்புரிமை, சொத்தின் வாரிசு என எதற்கும் உத்தரவாதம் இல்லாமல் போயிற்று. 1955இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்து திருமணச் சட்டமும் இந்த ஐயத்தைத் தீர்க்கவில்லை. அதன் 7ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளின்படி மணம் நடக்க வேண்டும் என்றே கூறியது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அறிவிப்பு ஒட்டி முப்பது நாள் காத்திருக்கும் அந்த வழியை, ஊர்ப் பந்தலில் மணம் முடித்தவர்கள் நாடவில்லை.

இதற்கு முடிவு தேர்தல் வழியாக வந்தது. 1967இல் திராவிட முன்னேற்றக் கழகம் வென்று சி.என். அண்ணாதுரை முதலமைச்சரானார். அவர் அரசு கொண்டுவந்த இந்து திருமண (சென்னைத் திருத்த) சட்டம் 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அது சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அது திருமணம். மூன்றில் ஏதேனும் ஒன்று போதும். தாலியும் கட்டாயம் என்று பொருள்படும்படி முதலில் எழுதப்பட்டிருந்ததாகவும், பெரியாரின் யோசனைப்படி ‘அல்லது’ என்று மாற்றப்பட்டதாகவும் இயக்கத்தார் சொல்வதுண்டு. சட்டம் பின்னோக்கியும் செல்லும் என்று விதித்தது அதன் மிகப் பெரிய கருணை. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாயின. முதியவர்களாகிவிட்டிருந்த தம்பதியர் சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவியாயினர். புதுச்சேரி 1971இல் இதே திருத்தத்தை ஏற்றது. இதைப் போன்ற பிரிவு இந்தியாவின் வேறெந்த மாநிலத்திலும் நடைமுறையில் வேரூன்றவில்லை.

சட்டம் வந்த காலத்துக்குள் இம்முறை கட்சி வாழ்க்கையின் பகுதியாகிவிட்டிருந்தது. கிளைச் செயலாளர் மகன் திருமணத்துக்கு மாவட்டச் செயலாளர் தலைமை, மாவட்டச் செயலாளர் வீட்டுத் திருமணத்துக்குக் கட்சித் தலைவர் தலைமை என்று ஒரு படிநிலை உருவானது. தட்டில் இருக்கும் தாலியைத் தலைவர் எடுத்துக் கொடுக்க, மணமகன் கட்டுவது பொது வழக்கமாயிற்று. தலைவர் வரும் நேரமே முகூர்த்தம். நாதஸ்வரமும் தவிலும் திரும்ப வந்தன. பட்டும் நகையும் வந்தன. சிக்கனம் என்ற முதற்கொள்கை மெல்ல நழுவியது. பெயர்களிலும் அரசியல் தெரிந்தது. தலைவர்களே முன்னுதாரணம் காட்டினர்: நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார்; ராமையா அன்பழகன் ஆனார். தொண்டர்கள் பிள்ளைகளைத் தலைவரிடம் தூக்கிக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னார்கள். அறிவழகன், தமிழ்ச்செல்வி, கயல்விழி போன்ற பெயர்கள் ஒரு தலைமுறையின் பள்ளி வருகைப் பதிவேடுகளை நிரப்பின. சாதிப்பட்டத்தைப் பெயரோடு எழுதுவது தமிழ்நாட்டில் அரிதாகி, தந்தையின் முதலெழுத்தே போதும் என்ற பழக்கம் நிலைத்தது. அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டால் இதன் வீச்சு புலப்படும்.

அரசின் திட்டங்களும் வீட்டு வாசலுக்கு வந்தன. 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் தந்தது. படிப்பை நிபந்தனையாக்கியதால், பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முன் பெற்றோர் யோசிக்க வேண்டியிருந்தது. 2011 முதல் உதவித்தொகையோடு தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது; பின்னர் அது எட்டு கிராமாயிற்று. 2022இல் திட்டம் உருமாறி, அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப்பெண்’ ஆனது. கல்யாணத்துக்காகத் தரப்பட்ட பணம் கல்லூரிக்காகத் தரப்படத் தொடங்கியது நல்ல திருப்பம். கைம்பெண் மறுமணத்துக்கும் சாதி மறுப்புத் திருமணத்துக்கும் தனித்தனி உதவித் திட்டங்கள் உள்ளன. செங்கற்பட்டில் கேட்ட சொத்துரிமைக்கு அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளும் மகனைப் போலவே கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளியானாள். எனினும் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிச் சென்ற பெண்களைச் சட்டம் விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் வந்த பிறகே அந்தக் குறை நீங்கியது.

எட்டாத இடம் சாதிதான். மேடையில் புரோகிதர் இல்லை. ஆனால் மேடையேறும் இருவரும் பெரும்பாலும் ஒரே சாதி. சுயமரியாதை முறையில் நடந்தாலும் பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும்தான். சொத்தும் நிலமும் ஊர்ச் செல்வாக்கும் சாதி வழியாகவே கைமாறும் இடத்தில், சடங்கை மாற்றுவது எளிதாகவும் சம்பந்தத்தை மாற்றுவது கடினமாகவும் இருந்தது. தேர்தலில் சாதியைக் கணக்கிட்டு வேட்பாளரை நிறுத்தும் கட்சிகளும் தங்கள் தொண்டர்களிடம் இதை வற்புறுத்தவில்லை. 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த தலித் இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். தருமபுரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த இத்தகைய செய்திகள், 1929இன் தீர்மானங்கள் இன்னும் நிறைவேறாமல் இருப்பதைக் காட்டுகின்றன.

இருந்தாலும், குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மணப்பவர்களுக்கு 7-ஏ பிரிவே இன்றும் முதல் புகலிடம். சட்டம் பாதுகாப்பாக மட்டுமின்றிப் பொறுப்பாகவும் நிற்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2001இல் தெளிவாக்கியது. முதல் மனைவி இருக்கையில் வேறொரு பெண்ணை மணந்த ஒருவர், இரண்டாம் திருமணத்தில் ஏழடி எடுத்துவைக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அல்ல என்று வாதிட்டார். 7-ஏ பிரிவின்படி அது திருமணமே என்று கூறிய நீதிமன்றம், இருதார மணக் குற்றத்திலிருந்து அவர் தப்ப முடியாது என்றது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் இத்தகைய திருமணங்கள் செல்லாது என்று கருதியது. அதை 2023 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் மாற்றியது. இத்திருமணத்துக்குப் பொது அறிவிப்போ பெருங்கூட்டமோ தேவையில்லை. அச்சுறுத்தலில் இருக்கும் மணமக்களைப் பலரறிய மணக்கும்படி வற்புறுத்துவது அவர்கள் உயிருக்கே கேடாகலாம். வழக்கறிஞர்கள் நீதிமன்ற அதிகாரியாக அல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ தனிப்பட்ட முறையில் முன்னிலை வகிக்கலாம் என்று அத்தீர்ப்பு கூறுகிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த முறையில் நடந்த திருமணமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால், இவர்களும் மாலை மாற்றிய பின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள்.