விரகம் என்னும் சொல்லும் இலக்கிய வகையும்: பத்மாவத் காட்டும் சான்று

சித்தூர் அரண்மனையில் கணவனைப் பிரிந்து வாழும் பட்டத்தரசி நாகமதி, மழைக்காலம் நெருங்குவதைக் கண்டு, தன் வீட்டுக் கூரையை வேய்ந்து தருவார் யாருமில்லையே என வருந்துகிறாள். மாலிக் முகம்மது ஜாயசி 1540-ஆம் ஆண்டளவில் அவதி மொழியில் இயற்றிய பத்மாவத்தில் இப்பகுதி இடம்பெறுகிறது. கல்மாளிகையில் வாழும் அரசிக்குக் கூரை வேயும் கவலை ஏன்? இந்தித் திறனாய்வாளர் இராமச்சந்திர சுக்ல, நாகமதி இங்கே தான் அரசி என்பதையே மறந்து எளிய பெண்ணாகப் பேசுகிறாள் என்று போற்றினார். இவ்விளக்கம் நயமானதே எனினும், காரணத்தைப் பாத்திரத்தின் உள்ளத்தில் தேடுவதைவிடப் பாடலின் வகையில் தேடுவதே பொருந்தும்.

நாகமதியின் புலம்பல் 'பாரஹ்மாசா' என்னும் பன்னிரு மாதப் பாடல் வகையைச் சார்ந்தது. வட இந்திய நாட்டுப்புறப் பெண்டிர், பொருள் தேடச் சென்ற கணவனை எண்ணி மாதந்தோறும் படும் துயரை முறைப்படுத்திப் பாடும் மரபு இது. கூரையும் மழையும் ஈரத் தரையும் அவ்வகையின் சொத்துகள். ஜாயசி அவ்வகையைக் காப்பியத்துள் கொணர்ந்தபோது அதன் வீடும் உடன் வந்துவிட்டது. அரசிக்குப் பொருந்தாது எனக் கருதிக் கூரையை மாடமாக மாற்றும் மொழிபெயர்ப்பாளர், பிழை திருத்துவதாக எண்ணி வகையின் அடையாளத்தையே அழித்துவிடுகிறார்.

காப்பியத்தின் புறச்சட்டகமோ வேறு. மௌலானா தாவூதின் சந்தாயன் (1379), குத்பனின் மிருகாவதி (1503), மஞ்ஜனின் மதுமாலதி (1545) ஆகியவற்றோடு பத்மாவத்தும் சூஃபி காதற்கதை மரபைச் சார்ந்தது. இறைவன், நபி, முதல் நான்கு கலீபாக்கள், ஆளும் மன்னன், ஞானகுரு என வாழ்த்து நிரல்படும் தொடக்கம் பாரசீக மஸ்னவி மரபினது. சௌபாயி-தோஹா யாப்பு இந்திய மரபினது. கிளி ஹீராமன் பத்மாவதியின் அழகைக் கேசாதிபாதமாக எடுத்துரைக்க, அவளை ஒருமுறையும் கண்டிராத இரத்தினசேனன் மயங்கி வீழ்கிறான். பின் அரசு துறந்து யோகிக்கோலம் பூண்டு சிங்களத்தீவு நோக்கிச் செல்கிறான். (இச்சிங்களத்தை நிலவியல் இலங்கையோடு ஒப்பிட்டுத் தொலைவு கணக்கிடுதல் வீண் முயற்சி.)

கதையின் இவ்விரு பகுதிகளிலும் ஆளப்படும் சொல் ஒன்றே: விரகம். நாகமதியின் விரகம் கூடி வாழ்ந்தபின் நேர்ந்த பிரிவு. இரத்தினசேனனுக்கோ, கூடுவதற்கு முன்பே, ஏன், காண்பதற்கு முன்பே விரகம் பிறந்துவிடுகிறது. தன் மூலத்திலிருந்து பிரிந்த உயிர் அதனை நாடித் தவிக்கிறது என்னும் சூஃபிக் கருத்தின் பின்புலத்தில்தான் காணாதவளைப் 'பிரிந்து' வருந்துதல் பொருளுடையதாகிறது. அகராதி இவ்வேறுபாட்டைக் காட்டாது, வகையே காட்டுகிறது.

இவ்வாறு வகை தரும் பொருளைச் சிலர் குறியீட்டு அட்டவணையாகச் சுருக்கினர். சித்தூர் உடல், மன்னன் மனம், பத்மினி அறிவு, கிளி குரு, அலாவுதீன் மாயை எனப் பொருத்திக் காட்டும் பாடலொன்று நூலிறுதியில் சில படிகளில் உண்டு. சுக்ல 1924-இல் வெளியிட்ட பதிப்பில் அது இடம்பெற்றது. மாதாபிரசாத் குப்த 1952-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை இடைச்செருகல் எனத் தள்ளினார். அவர் முடிவு ஏற்கத்தக்கது. ஏனெனில் மாயையாகிய அலாவுதீன் இறுதியில் ஒரு பிடிச் சாம்பலை அள்ளி உலகின் பொய்ம்மையை உணரும் காட்சிக்கு அவ்வட்டவணையில் இடமில்லை.

வகை மாறின் கதையும் திரிகிறது. சமண முனிவர் ஹேமரதன் 1589-ஆம் ஆண்டளவில் இராசத்தானத்தில் இதே கதையைக் கோரா, பாதல் என்னும் வீரர்களின் வரலாறாகப் பாடினார். அங்கே மையப்பொருள் காதலன்று, தலைவனுக்கு வீரன் காட்டும் விசுவாசம். விரகத்திற்கு வேலை குறைவு. பிற்காலத்தில் ஜேம்ஸ் டாட் 1829-இல் இக்கதையை வரலாற்று நூலில் சேர்த்தபோது, அது 1303-ஆம் ஆண்டுச் சித்தூர் முற்றுகையின் சான்றாகவே பலரால் வாசிக்கப்படலாயிற்று. அம்முற்றுகையில் உடனிருந்த அமீர் குஸ்ரோ எழுதிய வரலாற்றில் பத்மினி என்னும் பெயர் இல்லை.

தமிழாக்கத்தில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. 'பிரிவு' என்பது பாலைத்திணை வழியாகக் கூட்டத்திற்குப் பிந்திய நிலையையே நினைவூட்டும்; நாகமதிக்குப் பொருந்தும், இரத்தினசேனனுக்குப் பொருந்தாது. 'வேட்கை' எனின் அவனுக்கு ஓரளவு பொருந்தும், அவளுக்குப் பொருந்தாது. இடத்திற்கேற்ப இரு சொற்களை ஆள்வது தெளிவு தரும். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே சொல்லால் இருவேறு தீயில் எரிவதாகப் புலவர் அமைத்த பிணைப்பு அறுந்துவிடும். 'விரகம்' இன்றைய தமிழில் காமத்தாபமாகக் குறுகிவிட்டது உண்மையே. எனினும் இரத்தினசேனன் மயங்கி வீழும் முதற்காட்சியிலேயே அச்சொல்லை ஆண்டுவிட்டால், காணாதவளுக்காக அரசு துறப்பவனின் செயலே அதன் பொருளை விரித்துக் காட்டும். நாகமதியின் கூரையை அடையும்போது வாசகர் அச்சொல்லை இருபொருளிலும் கேட்க இயலும்.