ஐஸில் சிக்கிய கப்பலில் ஒரு வாரப் பத்திரிகை



மாசி, பங்குனி இரண்டு மாதங்களையும் நம் முன்னோர் பின்பனிக் காலம் என்றார்கள். நமக்கு அது விடியற்காலையில் கொஞ்சம் பனி, பத்து மணிக்கு மேல் வெயில் என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. அதற்கே காலை வாக்கிங் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் 94 பேர் பத்து மாதம் ஐஸ் நடுவே அடைபட்டுக் கிடந்து, அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பதை இந்த இதழில் சொல்கிறேன்.

1819 மே மாதம் இங்கிலாந்திலிருந்து ஹெக்லா, க்ரைப்பர் என்ற இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் வில்லியம் எட்வர்டு பாரி. வயது 28தான். வட அமெரிக்காவுக்கு மேலே, ஐஸ் கடல் வழியாகப் பசிபிக் போகப் பாதை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. 110 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையைத் தாண்டினால் 5,000 பவுண்டு பரிசு. செப்டம்பர் 4 அன்று தாண்டிவிட்டார்கள். ஆனால் அந்த மாதக் கடைசிக்குள் கடல் உறைந்துபோனது. மெல்வில் தீவின் ஒரு சிறு துறைமுகத்துக்குள் போக, ஐஸை ரம்பத்தால் அறுத்து இரண்டு மைலுக்கு மேல் வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. செப்டம்பர் 26 அன்று உள்ளே போய் நின்ற கப்பல்கள் மறு ஆண்டு ஆகஸ்டு 1 வரை அங்கிருந்து வெளியேறவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் மறைந்த சூரியன் பிப்ரவரி 3 அன்றுதான் மறுபடி தலைகாட்டியது. மூன்று மாத இருட்டில் பாரி பயந்தது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று ஸ்கர்வி நோய். ஈறு வீங்கி, கால் வலித்து, ஆளையே கொன்றுவிடும். இன்னொன்று, வேலையில்லாமல் மூலையில் உட்கார்ந்து மனம் கெட்டுப்போவது. இரண்டாவதைத்தான் அவர் முதலில் கவனித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கப்பல் மேல்தளத்துக்குக் கூடாரம் போலக் கூரை போட்டார்கள். வெளியே நடக்க முடியாத நாளில் மாலுமிகள் அந்தத் தளத்தைச் சுற்றி ஓட வேண்டும். கைப்பிடியைச் சுழற்றினால் பாட்டு வரும் ஆர்கன் ஒன்று கப்பலில் இருந்தது. அதன் தாளத்துக்குக் காலை எடுத்து வைத்து ஓட்டம். முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு தாங்களே பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு ஓடினார்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு நாடகம். நடிகர்கள் அதிகாரிகள்தான், பெண் வேடம் உட்பட. பாரியும் நடித்தார். மேடையிலேயே தண்ணீர் உறையும் குளிர். அதில் பெண் வேட உடையோடு நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கொண்டுவந்த நாடகப் புத்தகங்கள் போதாமல், கிறிஸ்துமஸுக்குப் பாரி தானே ஒரு நாடகம் எழுதினார்.

அடுத்ததுதான் நம் ஆசிரியர் குழுவுக்கு மிகவும் பிடிக்கும். கேப்டன் எட்வர்டு சபைன் என்ற விஞ்ஞானியை ஆசிரியராக வைத்து ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். பெயர் ‘நார்த் ஜார்ஜியா கெஸட்’. அதிகாரிகள் புனைபெயரில் கவிதை, கேலிக் கடிதம், நாடக விமர்சனம் என்று எழுதித் தந்தார்கள். எல்லோருமா எழுதுவார்கள்? எழுதாதவர்களுக்கு ‘நான் கன்ட்ரிபியூட்டர்’ என்று பட்டம் கட்டி, அவர்களைச் சாடியே பல கடிதங்கள் வந்தன. அதில் கொஞ்சம் மனக்கசப்பும் உண்டானது. எந்தச் சங்கத்தில்தான் இது இல்லை? ஆனாலும் பத்திரிகை ஒரு வாரமும் நிற்காமல் 21 இதழ் வந்தது.

இதெல்லாம் மட்டும்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். 1820 ஜனவரியில் ஹெக்லாவின் பீரங்கி அதிகாரிக்கு ஸ்கர்வி வந்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றுப் பாட்டில்கள் பல, குளிரில் உறைந்து வெடித்துப் போயிருந்தன. பாரி தன் அறையில், அடுப்பின் புகைக்குழாய் ஓரமாகச் சிறு பெட்டிகளில் மண் போட்டு, கடுகும் க்ரெஸ் என்ற ஒரு கீரையும் விதைத்தார். வெளிச்சம் இல்லாததால் வெளுத்துப்போய்த்தான் முளைத்தன. அதைப் பறித்துத் தினமும் நோயாளிக்குக் கொடுத்தார்கள். பத்து நாளுக்குள் மனிதர் எழுந்து நடந்தார். நம் பால்கனித் தொட்டித் தோட்டக்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம். வைட்டமின் சி என்று ஒன்று உண்டென்பது தெரிய இன்னும் நூறு ஆண்டு இருந்தது.

சூரியன் வந்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் மிகக் கொடிய குளிர் அதற்குப் பிறகுதான் வந்தது. பிப்ரவரி நடுவில் மைனஸ் 48 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. பிப்ரவரி 24 அன்று கரையில் இருந்த ஆய்வுக் குடிசை தீப்பிடித்தது. சபைனின் உதவியாளர் கையுறை போடாமல் ஓடிப்போய்க் காந்தக் கருவியைக் காப்பாற்றினார். அவர் கைகளைக் குளிர்ந்த நீரில் வைத்தபோது, அந்த நீரே உறைந்ததாம். பாவம், பல விரல்களை இழந்தார்.

மார்ச் மாதத்தோடு நாடகமும் பத்திரிகையும் நின்றன. வெளிச்சம் வந்துவிட்டதால் கூரையின் கீழ் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பதில் வெளிவேலை. ஆனால் ஐஸ் கரைய இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. ஜூனில் பாரி ஒரு சிறு குழுவோடு, தள்ளுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, தீவின் மறுகரை வரை நடந்துபோய் இரண்டு வாரத்தில் திரும்பினார். பனி விலகிய இடங்களில் நம் புளிச்சகீரை போலப் புளிக்கும் ஒரு செடி முளைத்தது. அதைப் பறித்து வருவதே மாலுமிகளுக்கு வேலை என்று வைத்துவிட்டார். நடைக்கு நடை, மருந்துக்கு மருந்து.

தேடிப்போன பாதை அந்த முறை கிடைக்கவில்லை. ஆனால் புறப்பட்ட 94 பேரில் 93 பேர் அந்த ஆண்டே ஊர் திரும்பினார்கள். அடுத்த பயணத்தில் பாரி, எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிகளுக்குக் கப்பலிலேயே குளிர்காலப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஐஸுக்குள் எழுதிய அந்த 21 இதழ்களும் 1821இல் லண்டனில் புத்தகமாக வெளிவந்தன.