நார்ஃபோக் பிராட்ஸ்: படிவுகள் காட்டும் மனிதத் தடம்

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் ஆற்றோரச் சதுப்புகளுக்கு நடுவே உள்ள ஆழமற்ற நீர்நிலைகள் பிராட்ஸ் எனப்படுகின்றன. இவை இயற்கை ஏரிகள் என்பதே 1950களின் தொடக்கம்வரை அறிஞர்களின் பொதுக் கருத்து. அதை மாற்றியவர் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட். சதுப்பில் நெருக்கமாகத் துளையிட்டு அவர் மண் எடுத்துப் பார்த்தார். புதைந்திருந்த பழைய கரைகள் சரிவாக இல்லாமல் செங்குத்தாக இறங்கின. அடித்தளம் மட்டமாக இருந்தது. வெட்டாமல் விட்ட வரப்புகளும் தென்பட்டன. ஆறு இப்படி வெட்டாது.

இடைக்கால மக்கள் விறகுக்கு மாற்றாகப் பீட் என்னும் மட்கிய தாவரப் படிவை வெட்டி எடுத்த குழிகளே இவை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நீர்மட்டம் உயர்ந்ததால் குழிகள் மூழ்கின. இம்முடிவை விளக்கும் நூல் 1960இல் வெளியானது. ஏரிகள் இயற்கையானவை என்று முன்பு வாதிட்ட ஜென்னிங்ஸும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். அறிவுலகில் அடிக்கடி காணக் கிடைக்காத பெருந்தன்மை இது.

குழிகளில் பிறகு படிந்த சேறு அண்மைக்கால வரலாற்றைச் சொல்கிறது. அதன் மேலடுக்குகளின் வயதை ஈயம்-210 கொண்டு கணிக்கிறார்கள். அதன் அரையாயுள் சுமார் 22 ஆண்டுகள் என்பதால் ஏறக்குறைய 150 ஆண்டுகள்வரையே கணக்கிட முடியும். அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற சீசியம்-137 உச்சம் 1963ஐ அடையாளம் காட்டும். கீழடுக்குகளில் நீர்ச்செடிகளை ஒட்டி வாழும் டயட்டம் பாசிகளின் ஓடுகள் மிகுதி. மேலே வரவர நீரில் மிதந்து வாழும் இனங்கள் பெருகுகின்றன. செடிகள் அழிந்து நீர் கலங்கியதற்கு இது சான்று. கழிவுநீரும் வயல் உரமும் கொண்டுவந்த பாஸ்பரஸே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டு வந்தது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: படகுகளின் அடிப்பாகத்தில் 1960களிலிருந்து பூசப்பட்ட டிரைபியூட்டைல்டின் கலந்த நச்சு வண்ணம். சேற்றில் அந்த நச்சு தோன்றும் அடுக்கை ஒட்டியே, பாசியை மேயும் சிற்றுயிர்களும் செடிகளும் குறைகின்றன. சிறு படகுகளுக்கு அதைப் பயன்படுத்த 1987இல் பிரிட்டனில் தடை வந்தது. ஒரே காலத்தில் நேர்ந்த இரு கேடுகளில் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். உரத்தை மட்டும் குற்றம் சொல்வது போதாது என்பதே ஏற்கத்தக்கது.

சேற்றடுக்குகளைப் படிக்கும் இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. மீன்கள் கிளறுவதாலும் படகுகள் கலக்குவதாலும் அடுக்குகள் குழம்புகின்றன. இந்நீர்நிலைகளில் ஒன்றான பார்டன் பிராடில் 1990களின் பிற்பகுதியில் பாஸ்பரஸ் மிகுந்த சேறு உறிஞ்சி அகற்றப்பட்டது; தூர்வாரிய இடங்களில் அந்த அடுக்குகளின் பதிவும் அதோடு போய்விட்டது.