தூக்கி நிறுத்திய பிளைமவுத்: ஒரு வீட்டு டீமோட கதை

இந்த எபிசோடை வில்லிவாக்கத்துல எங்க பெரியப்பா வீட்டு போர்டிகோவுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல குக்கர் விசில் கேட்டா மன்னிச்சிடுங்க. எனக்கு முன்னாடி ஸ்டாண்டுல ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் நிக்குது. டேங்க் தனியா கிடக்கு, கார்புரேட்டர் தனியா கிடக்கு, பழைய பேப்பர் மேல சிலிண்டர் ஹெட் கிடக்கு. இன்னும் மூணு வாரத்துல இது இருங்காட்டுக்கோட்டை டிராக்குல 402 மீட்டர் ஓடணும்.

எங்க டீம் நாலு பேர். பெரியப்பா பையன் அண்ணன், மெக்கானிக். அண்ணி, கணக்கு வழக்கு. என் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன், ரைடர். அப்புறம் நான். எனக்கு கோடு எழுதத் தெரியும், ஸ்பேனர் எடுத்துக் குடுக்கத் தெரியும்.

போன சீசன்ல நான் ஒரு தப்பு பண்ணேன். அதை இன்னைக்கு சொல்லப்போறேன். ஆனா அதுக்கு முன்னாடி 1950-கள்ல அமெரிக்காவுல இதே மாதிரி வேலை முடிஞ்சு வந்து வண்டி கட்டின சில இன்ஜினியர்களோட கதையைச் சொல்லணும். அவங்க கதையைப் படிச்சதுக்கு அப்புறம்தான் என் தப்பு எனக்கே முழுசா புரிஞ்சது.

முதல்ல இந்த 402 மீட்டர். அது கால் மைல், அதாவது 1,320 அடி. நேர் ரோடு, ரெண்டு வண்டி, நின்ன இடத்துலேர்ந்து கிளம்பணும், யார் முதல்ல போறாங்கன்றதுதான் கணக்கு. இதுதான் டிராக் ரேஸ். இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடியே கலிபோர்னியாவுல பசங்க பழைய கார்களைக் கழட்டி, எடையைக் குறைச்சு, வறண்ட ஏரிப் படுகைகள்ல ஓட்டிப் பார்த்தாங்க. போர் முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பின இளைஞர்கள் கையில கொஞ்சம் காசும் இருந்தது, இன்ஜினைப் பத்தின அறிவும் இருந்தது. ஏரி தூரம், தெரு பக்கம். ராத்திரியில தெருவுலேயே ரேஸ் விட ஆரம்பிச்சாங்க. ஆள் சாகுறதும் நடந்தது. பத்திரிகைகள் திட்டின, போலீஸ் துரத்தினாங்க.

இதுக்கு வந்த தீர்வு எளிமையானது. போருக்காகப் போட்ட விமான ஓடுபாதைகள் சும்மா கிடந்தன. 1950-ல கலிபோர்னியாவின் சாண்டா அனாவுல, ஒரு விமான நிலையத்தோட பயன்படாத ஓடுபாதையில, டிக்கெட் போட்டு டிராக் ரேஸ் நடத்த ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம், 1951-ல, ‘ஹாட் ராட்’ பத்திரிகை ஆசிரியர் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹெல்மெட், சீட் பெல்ட், வண்டி பரிசோதனை எல்லாத்துக்கும் விதி வந்தது. பசங்களை ரேஸ் விடாம தடுக்க முடியாதுன்னு தெரிஞ்சதால, தெருவிலேர்ந்து டிராக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்களோட முதல் தேசியப் போட்டி 1955-ல கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டுல நடந்தது. அதுவும் ஒரு போர்க்கால விமான தளம்தான். மழை வந்து போட்டி பாதியில நின்னு, மிச்சத்தை அரிசோனாவுல போய் முடிச்சாங்க.

நம்ம ஊர் ஆட்களுக்கு இது பழக்கமான கதைதான். சோழவரமும் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதைதானே? அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்தினாங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக் எல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது.

இப்போ டெட்ராய்ட் போவோம். 1950-களின் கடைசி. கிரைஸ்லர் கம்பெனியில புதுசா சேர்ந்த இளம் இன்ஜினியர்கள் சில பேர் ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. பேரு ‘ராம்சார்ஜர்ஸ்’. டாம் ஹூவர் அதுல முக்கியமான ஆள், இயற்பியல் படிச்சவர். பகல்ல கம்பெனி வேலை, சாயங்காலம் ரேஸ் வண்டி. இது கம்பெனி குடுத்த வேலை இல்ல, அவங்க ஆசைக்காகச் செஞ்சது. நம்ம ஐ.டி. மக்களுக்கு நல்லாவே புரியும், இது அவங்களோட சைடு ப்ராஜெக்ட்.

1959-ல என்.எச்.ஆர்.ஏ. தேசியப் போட்டி அவங்க ஊருக்கே வந்தது, டெட்ராய்ட் டிராக்வேக்கு. சொந்த ஊர்ல போட்டி, கூட வேலை செய்றவங்க எல்லாம் வேடிக்கை பார்ப்பாங்க. மானப் பிரச்சினை. அதுக்கு அவங்க தயார் பண்ண வண்டி என்ன தெரியுமா? 1949 மாடல் பிளைமவுத் கூப்பே. பத்து வருஷப் பழைய, எந்த ஸ்டைலும் இல்லாத வண்டி. அதுக்குள்ள 354 கன அங்குல ஹெமி இன்ஜினை வெச்சாங்க, நம்ம கணக்குல சுமார் 5.8 லிட்டர். வண்டிக்குப் பேரு ‘ஹை அண்ட் மைட்டி’. பேருக்கு ஏத்த மாதிரி உடம்பைத் தரையிலேர்ந்து உசரமா தூக்கி வெச்சிருந்தாங்க. பானெட்டுக்கு மேல உசரமா எழும்பின குழாய்கள், அதுக்கு மேல கார்புரேட்டர். கீழே எக்சாஸ்ட் எல்லாம் ஊதுகுழல் மாதிரி விரிஞ்சு இருக்கும். பார்க்க அழகுன்னு சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஏன் உசரம்? டவுன் பஸ் வெடுக்குன்னு கிளம்பினா நின்னுட்டு இருக்குறவங்க பின்னாடி சாயுறாங்க இல்லையா? காரும் அப்படித்தான். கிளம்பும்போது எடை பின் சக்கரத்துக்குப் போகும். எடையோட மையம் எவ்வளவு உசரத்துல இருக்கோ, அவ்வளவு அதிகமா போகும். அந்தக் காலத்து டயருக்குப் பிடிமானம் கம்மி. ஹெமி இன்ஜின் சக்தியை மொத்தமா குடுத்தா சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. அதனால எடையைப் பின் டயர் மேல ஏத்தணும். வண்டியைத் தூக்கினா அது நடக்கும். மத்தவங்க வண்டியைத் தாழ்த்துன காலத்துல இவங்க கணக்குப் போட்டுத் தூக்கினாங்க.

ஏன் நீளக் குழாய்? இன்ஜின் வால்வு மூடும்போது உள்ள வந்துட்டு இருந்த காத்து முட்டி நின்னு ஒரு அழுத்த அலையா திரும்பிப் போகும். குழாயோட திறந்த முனையில பட்டு மறுபடி உள்ளே வரும். அது வர்ற நேரமும் வால்வு திறக்குற நேரமும் ஒண்ணா இருந்தா, கூடுதல் காத்து இன்ஜினுக்குள்ள தானா தள்ளப்படும். எந்த வேகத்துல அது நடக்கணும்னு குழாயோட நீளம்தான் முடிவு பண்ணும். கிளப்போட பேர்ல இருக்குற ‘ராம்’ இந்தத் தள்ளலைத்தான் சொல்லுது.

அந்த அசிங்கமான பிளைமவுத் தன் வகுப்புல பெரிய பேர் வாங்குச்சு. அதுக்கு அப்புறம் கம்பெனியே இவங்க பக்கம் திரும்பிப் பார்த்தது. டாம் ஹூவர் அடுத்து 426 ஹெமி இன்ஜின் வேலைக்குத் தலைமை வகிச்சார். 1964 டேடோனா 500 ரேஸ்ல ரிச்சர்ட் பெட்டி அதே இன்ஜினோட ஜெயிச்சார். முதல் மூணு இடமும் அந்த இன்ஜினுக்குத்தான். சாயங்கால கிளப்புலேர்ந்து அஞ்சே வருஷத்துல அங்கே!

இதைப் படிச்ச உடனே நான் ஓடிப்போய் அண்ணன்கிட்ட, “நம்ம பைக்கையும் தூக்கிடலாமா?”ன்னு கேட்டேன். அண்ணன் சிரிச்சாரு. “டேய், பைக்குல முன் சக்கரம்தான்டா பிரச்சினை. தூக்கினா வானத்தைப் பார்த்து நிக்கும். நாம தாழ்த்தணும், ஸ்விங் ஆர்மை நீட்டணும்”னாரு. அதே கணக்குதான், பதில் மட்டும் தலைகீழ். ராம்சார்ஜர்ஸ் கண்டுபிடிச்ச பதிலை நான் காப்பி அடிக்கப் பார்த்தேன். அண்ணன் அவங்க கேட்ட கேள்வியைக் கேட்டாரு.

சரி, இப்போ என் தப்பு.

போன சீசன், ஒரு பயிற்சி நாளுக்கு முந்தின நாள். மதியம் ரெண்டு மணி, கொளுத்துற வெயில். பைக் கொஞ்சம் அடைச்ச மாதிரி ஓடுதுன்னு ரைடர் சொன்னான். அண்ணன் கடைக்குப் போயிருந்தாரு. நான் கார்புரேட்டரைத் திறந்து மெயின் ஜெட்டை ஒரு சைஸ் சின்னதா மாத்தினேன். சூப்பரா ஓடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. எங்கேயும் எழுதல.

மறுநாள் காலையில ஆறரை மணிக்கு முதல் ரன். காலைக் காத்து குளிர்ச்சியா, அடர்த்தியா இருக்கும். அப்போ இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமா வேணும். நான் போட்டிருந்த சின்ன ஜெட் குடுத்தது கம்மி. டூ-ஸ்ட்ரோக்ல பெட்ரோலோட கலந்துதான் ஆயிலும் வருது. கலவை குறைஞ்சா சூடு ஏறும், வழவழப்பும் குறையும். முக்கால்வாசி தூரத்துல பிஸ்டன் சீஸ் ஆச்சு. பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. ரைடர் கிளட்சைப் பிடிக்கிறதுக்குள்ள கீழே விழுந்தான். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் இருந்தது. காலர்போன் மட்டும் உடைஞ்சது. அந்த ‘மட்டும்’ எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு அன்னைக்கு எனக்குத் தெரியல.

அண்ணன், சிலிண்டர் போர் வேலைதான் தப்புன்னு முடிவு பண்ணாரு. லேத்துக்காரர்கிட்ட சண்டை போட்டாரு. பத்து வருஷப் பழக்கம் அவங்களுக்கு. நாலு நாள் நான் வாயைத் திறக்கல.

அந்த நாலு நாள்லதான் டான் கார்லிட்ஸ் கதையைப் படிச்சேன். புளோரிடாக்காரர், சொந்தமா வண்டி கட்டியே பெரிய ஆளானவர். அவரோட வண்டிகளுக்கு எல்லாம் ‘ஸ்வாம்ப் ரேட்’னு பேரு. 1970 மார்ச் 8, கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். அந்தக் காலத்து வண்டியில ஓட்டுறவர் இன்ஜினுக்குப் பின்னாடி, கியர்பாக்ஸ் மேல காலைப் போட்டு உட்காருவார். கிளம்பின உடனே கியர்பாக்ஸ் வெடிச்சது. வண்டி ரெண்டா உடைஞ்சது, அவரோட வலது பாதத்துல ஒரு பகுதி போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே, வெடிக்கிறது எல்லாம் தனக்குப் பின்னாடி இருக்குற மாதிரி ஒரு வண்டியை யோசிச்சார். முன்னாடியே சில பேர் முயற்சி பண்ண வடிவம்தான் அது, ஆனா யாருக்கும் சரியா வரல. அவரோட வண்டியும் முதல்ல நேரா போகல, ரெண்டு பக்கமும் அலைஞ்சது. அவரும் அவர் ஆட்களும் ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்துக் கடைசியில காரணத்தைப் பிடிச்சாங்க: ஸ்டியரிங் ரொம்ப வேகமா திரும்புது. அதை மந்தமாக்கினதும் வண்டி நேரா போச்சு. 1971 தொடக்கத்துல பொமோனாவுல நடந்த விண்டர்நேஷனல்ஸ் போட்டியில ஜெயிச்சார். சில வருஷத்துல அந்த வகுப்புல எல்லாருமே இன்ஜினைப் பின்னாடி வெச்சாங்க. எத்தனை பேர் கால் அதனால பிழைச்சிருக்கும்!

எனக்கு உறைச்சது இதுதான். அவர் தனக்கு நடந்த விபத்தைக் கெட்ட நேரம்னு விட்டிருந்தா, அடுத்த ஆளுக்கும் அதே நடந்திருக்கும். நான் வாயை மூடிட்டு இருந்தா, அண்ணன் போரைச் சரி பண்ணி, அதே ஜெட்டோட ரைடரை மறுபடி ஏத்துவாரு.

அஞ்சாவது நாள் சாயங்காலம் சொல்லிட்டேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு, “வா, முதல்ல லேத்துக்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வருவோம்”னாரு. ரைடரைப் பார்க்கப் போனப்போ, அவன் கை தொட்டில்ல இருந்தது. “எழுதி வெச்சிருக்கலாம்ல மச்சான்”னு மட்டும் சொன்னான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அண்ணிதான் நோட்டு வாங்கிட்டு வந்தாங்க. சாதாரண நீளக் கணக்கு நோட்டு. தேதி, நேரம், வெயில் எப்படி, எந்த ஜெட், பிளக் என்ன கலர்ல இருந்தது, யார் எதைத் தொட்டாங்க, எல்லாம் அதுல. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான். நோட்டுல கையெழுத்து இல்லாம யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. ஆபீஸ்ல ரிவ்யூ இல்லாம ஒரு வரி கோடு கூட மெர்ஜ் பண்ண மாட்டேன். ஒரு மனுஷன் மேல உட்கார்ந்து போற வண்டியில மட்டும் எப்படி அதை மறந்தேன்?

நாளைக்குக் காலையில ஆறரைக்கு முதல் ஸ்டார்ட். ரைடர் வர்றான். காலர்போன் கூடிடுச்சு, டாக்டரும் சரின்னுட்டார். ஜெட் ஒரு சைஸ் பெருசு, நோட்டுல எழுதி என் கையெழுத்துப் போட்டாச்சு. கீழே ரைடரோட கையெழுத்துக்கும் இப்போ ஒரு கட்டம் இருக்கு. அவன் படிச்சுட்டுப் போட்டாத்தான் கிக்கர்ல கால் வைப்போம்.

இந்த 402 மீட்டரைத் தெருவுல தேடுற தம்பி தங்கச்சி யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா ஒரே வார்த்தை: டிராக்குக்கு வாங்க. போட்டியில எப்படி ஓடினோம்னு அடுத்த எபிசோடுல சொல்றேன். தோத்தாலும் சொல்றேன்.