எஞ்சினின் மூச்சைச் சீர்செய்த கதை



விமானத்தின் வரலாற்றை உரைப்போர் பெரும்பாலும் அதன் சிறகுகளைப் பற்றியும் அதிற் பறந்த வீரர்களைப் பற்றியுமே உரைப்பர். அவ்விமானத்தின் எஞ்சின் எவ்வாறு மூச்சு விடுகின்றது என்பதை எடுத்துச் சொல்வோர் மிகச் சிலர். அம்மூச்சை ஆளும் சிறு கருவிக்குக் காபுரேற்றர் என்று பெயர். அதன் கதையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பெற்றோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்கு உதவாது. அது நுண்துளிகளாகச் சிதறி, ஆவியாகிக் காற்றுடன் கலத்தல் வேண்டும். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. பெற்றோல் மிகுந்தால் எஞ்சின் திணறும். மிகக் குறைந்தால் வலுவிழந்து நின்றுவிடும். இந்த அளவைக் காப்பதே காபுரேற்றரின் கடமை.

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி ரைற் சகோதரர் அமெரிக்காவின் மணற்கரையொன்றில் 12 விநாடிகளில் 120 அடி தூரம் பறந்தனர். அவர்தம் சைக்கிட் கடையிற் பணிபுரிந்த சாள்ஸ் ரெயிலர் என்பவர் ஆறு வாரங்களில் ஆக்கிக் கொடுத்த எஞ்சின் அது. நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய 12 பரிவலுவும் உடையது. அதில் இன்று நாம் அறியும் காபுரேற்றர் இருக்கவில்லை. உயரத்திற் கட்டப்பட்ட சிறு கலத்திலிருந்து பெற்றோல் தானே வடிந்து, எஞ்சினின் வெப்பத்தால் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்தது. சில விநாடிப் பறப்புக்கு அது போதும். மனிதனைச் சுமந்து மலையையும் கடலையும் கடப்பதற்கு அது போதாது.

வேண்டிய அறிவோ அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. ஒடுங்கிய வழியால் விரைந்து செல்லும் பாய்பொருளின் அமுக்கம் குறையும் என்ற உண்மையை, 1738இல் வெளிவந்த பேர்னூலியின் நூலும், 1797இல் வெளிவந்த வெஞ்சூரியின் ஆராய்ச்சியும் விளக்கின. 1893இல் ஜேர்மனியில் மேபாக் என்பாரும், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்னும் இருவரும் இவ்வுண்மையைப் பயன்படுத்தும் காபுரேற்றர்களை அமைத்தனர். ஒடுங்கிய குழாய் வழியே காற்று விரைய, அங்கு அமுக்கம் குறைய, பெற்றோல் உறிஞ்சப்பட்டுச் சாரலாய்த் தெறிக்கும். தண்ணீர்த் தொட்டியில் நீர்மட்டத்தைக் காக்கும் மிதவை போன்றதொரு மிதவை, சிறு அறையொன்றிற் பெற்றோலின் மட்டத்தைக் காக்கும்.

இம்மிதவையே ஒரு காலத்திற் பெருந் தொல்லையும் விளைத்தது. 1940இல் நிகழ்ந்த ஆகாயப் போரில், பிரித்தானியரின் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்கள் மூக்கைச் சடுதியாகக் கீழே சாய்த்தால், பெற்றோல் மிதவை அறையின் மேற்புறத்துக்கு எறியப்பட்டது. எஞ்சின் முதலிற் பெற்றோலின்றித் தடுமாறியது. பின்னர் மிதவை நிலைமாறி வழியைத் திறந்துவிட, பெற்றோல் வெள்ளமாய்ப் புகுந்து அதனை மூச்சுத் திணறச் செய்தது. எதிரியின் விமானங்களோ எரிபொருளை அழுத்திச் செலுத்தும் முறையை உடையன. ஆதலின் அவை தயக்கமின்றிக் கீழே பாய்ந்து தப்பின. பான்பறோ ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பீயாற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர், நடுவே துளையிட்ட சிறு பித்தளைத் தடையொன்றை அமைத்தார். எஞ்சினுக்குத் தேவையான உயர்ந்த அளவுக்கு மேல் அத்துளை பெற்றோலை விடாது. 1941இல் அது விமானத் தளங்கள்தோறும் பொருத்தப்பட்டது. குறை முற்றும் நீங்காவிடினும் விமானிகளின் உயிரைக் காக்க அது பெரிதும் உதவிற்று.

போர் விமானங்களை விடுத்துச் சிறு விமானங்களுக்கு வருவோம். நெடுங்காலம் அவற்றுள் பல, ஒரே காபுரேற்றரிலிருந்து கிளைக் குழாய்களால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் கலவையைப் பகிர்ந்தன. 1989இல் ஒஸ்திரியாவின் ரோட்டக்ஸ் நிறுவனத்தின் 912 என்ற எஞ்சின் சான்றுபெற்று வெளிவந்தது. 80 பரிவலுவுடைய இவ்வெஞ்சினில் இருபுறமும் இவ்விரு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும். புறத்துக்கு ஒன்றாக இரண்டு காபுரேற்றர்கள் உண்டு. இதனாற் புதியதொரு கடமை எழுந்தது: இரண்டு மூச்சும் ஒன்றாதல் வேண்டும்.

இரட்டை மாட்டு வண்டியை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரு மாடு முந்த மறுமாடு பிந்தினால் நுகம் கோணும், அச்சு முறுகும், பயணி குலுங்குவான். அவ்வாறே ஒருபுறத்துத் தட்டு மயிரிழை கூடுதலாகத் திறந்தாலும் அப்புறம் மிகுதியாக உழைக்கும். காற்று வழி முற்றுந் திறந்திருக்கையில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதே அது நடுக்கமாக வெளிப்படும். எஞ்சினுக்கும் விசிறிக்கும் இடையேயுள்ள பற்சக்கரங்கள் அந்நடுக்கத்தைத் தாங்கித் தேயும்.

சீர்செய்யும் முறை எளியது. ஆனாற் பொறுமை வேண்டும். முதலில் எஞ்சின் நின்றிருக்கையில், இரு நெம்புகளும் ஒரே கணத்தில் தத்தம் தடையைத் தொடுமாறு இழுகம்பிகளைச் சரிசெய்வர். அடுத்து, இருபுற உள்ளிழு குழாய்களிலும் அமுக்கமானிகளைப் பூட்டுவர். இரு பக்கத்தையும் இணைக்கும் சமன்குழாய் வேறுபாட்டை மறைத்துவிடுமாதலால் அதனை அவ்வேளை துண்டிப்பர். சில்லுகளுக்குத் தடையிட்டு, எஞ்சின் சூடேறிய பின், மெதுவோட்டத்திலும் அதற்குச் சற்று மேலான ஓட்டத்திலும் இரு முட்களும் ஒன்றையே காட்டும்வரை திருகாணிகளையும் கம்பிகளையும் திருத்துவர். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. அதன் அருகே கை நீட்டுவோன் உயிரோடு விளையாடுகிறான்.

இன்னொன்றும் சொல்லல் வேண்டும். இவ்வெஞ்சினில் இழுகம்பி அறுந்தால், வில்லொன்று காற்று வழியை முற்றுந் திறந்துவிடும். ஆகாயத்தில் வலு அறவே அற்றுப்போதலினும் முழு வலு இருத்தல் நன்றென்பது அமைத்தோர் கருத்து. ஆயின் ஒரு கம்பி மாத்திரம் அறுந்தால், ஒருபுறம் முழு வேகத்திலும் மறுபுறம் விமானி வைத்த நிலையிலும் நின்று எஞ்சின் கடுமையாக நடுங்கும். எனவே கம்பியின் ஓர் இழை பிரிந்திருப்பதைத் தரையிலேயே கண்டுகொள்ளும் கண், பெரிய சாத்திரத்துக்கு ஈடானது.

2012இல் காபுரேற்றரின்றி மின்னணு முறையால் எரிபொருளைச் செலுத்தும் 912 வகையும் வந்தது. எனினும் இரு காபுரேற்றர் எஞ்சின்கள் இன்றும் பறக்கின்றன. அவற்றின் சமநிலையைக் காலந்தோறும் சோதிக்கும் கைகளும் தேவைப்படுகின்றன.

பறப்பின் வரலாறு துணிந்தவர்களால் மாத்திரம் ஆனதன்று. பித்தளைத் துண்டில் துளையிட்ட பெண்மணியும், இரு முட்களும் ஒன்றாகும்வரை திருகாணியைத் திருப்பும் தொழிலாளியும் அவ்வரலாற்றின் ஆசிரியர்களே. மேலே செல்பவனின் உயிர், கீழே நிற்பவனின் கவனத்தில் தங்கியிருக்கின்றது.